முகம் பார்த்து வரையக் கற்பிக்க எந்த முறை? ஓர் ஒப்பீடு

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம், எட்டாம் வகுப்பைத் தாண்டிய மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது, ஆளைப் பார்த்து அப்படியே முகம் வரையக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான். பூச்சாடியும் படகும் தென்னைமரமும் வரைந்து பழகியவர்கள், அடுத்து அம்மாவையோ பக்கத்துப் பெஞ்சு நண்பனையோ வரைய ஆசைப்படுவது இயல்பு. ஆனால் மற்றப் பொருள்களில் இல்லாத ஒரு கண்டிப்பு முகத்தில் இருக்கிறது. தென்னையின் ஒரு மட்டை இரண்டு விரற்கடை தள்ளிப் போனாலும் அது தென்னையாகவே இருக்கும். ஒரு கண் அரை நூல் தள்ளிப் போனால் அந்த முகம் வேறொருவருடையதாகிவிடும். ஆகவே இந்தப் பாடத்தை எந்த முறையில் தொடங்குவது என்பதைப் பழக்கத்தின் போக்கில் விட்டுவிடாமல், ஜூன் மாதம் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியர் யோசித்து முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில் நம் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்குவது ஒன்று. பந்தும் தாடையுமாகத் தலையின் பொது அமைப்பை முதலில் கற்றுக்கொண்டு, அதன்மேல் கண், மூக்கு, வாயை ஏற்றுவது இரண்டாவது. மாடலுக்குப் பக்கத்திலேயே வரைபலகையை நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும் அதே அளவில் வரைவது மூன்றாவது. ஐரோப்பிய ஓவியக்கூடங்களில் இதை சைட்-சைஸ் என்பார்கள். கையை நீட்டிப் பென்சிலால் அளந்து, ஓர் அளவை இன்னோர் அளவோடு ஒப்பிட்டு, தாளுக்குப் பொருந்தும் அளவில் வரைவது நான்காவது. இதை இங்கே ஒப்பளவு முறை என்று குறிப்பிடுகிறேன். படத்தைத் தலைகீழாக வைத்து வரைவது, தாளைப் பார்க்காமல் ஒரே கோட்டில் வரைவது போன்ற பயிற்சிகளும் உண்டு. அவை நல்ல பயிற்சிகளே. முதல் ஓரிரு வகுப்புகளுக்கு உதவும். ஓர் ஆண்டுப் பாடத்தைத் தாங்காது என்பதால் இந்த ஒப்பீட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை.

எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், எதை வைத்துச் சிறந்தது என்று சொல்லப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதல் மாதத்திலேயே யாருடைய படம் அழகாக வருகிறது என்று பார்த்தால் கட்டம்தான் வெல்லும். நான் வைக்கும் கேள்வி வேறு. தன் படத்தில் எங்கே தவறு என்பதை மாணவர் ஆசிரியரின் உதவியின்றித் தாமே கண்டுபிடித்து, தாமே திருத்திக்கொள்ள இந்த முறை வழி செய்கிறதா? நாற்பது நிமிடப் பாடவேளையில் முப்பது மாணவர்கள் இருந்தால், ஒருவருக்கு ஆசிரியர் தரக்கூடிய நேரம் ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகம். வருகைப்பதிவும் பென்சில் சீவுவதும் போக மிஞ்சுவது அதிலும் குறைவு. கண்ணை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு என்று ஆசிரியர் சொல்லித் திருத்திய படம் அன்றைக்குச் சரியாகிவிடும். அடுத்த படத்தில் அதே கண் பழைய இடத்துக்கே ஏறிக்கொள்ளும். ஆளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கம் மாணவரிடம் வேரூன்றினால்தான் துல்லியம் நிலைக்கும். எந்த முறை அந்தப் பழக்கத்தை வளர்க்கிறதோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் கட்டம். கட்டம் போட்டு வரைவதைக் குறைவாகப் பேசுவது நம் ஊர்க் கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி. டிஜிட்டல் பேனர் வருவதற்கு முன்பு, தியேட்டர் வாசலிலும் மாநாட்டுப் பந்தலிலும் ஓங்கி நின்ற கட்அவுட்டுகளை வரைந்தவர்கள், உள்ளங்கை அளவுப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, பலகையில் நூலடித்து அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்களை எழுப்பி, ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார்கள். சாரத்தின்மேல் மூக்குக்கு நேரே நிற்பவருக்கு முழு முகமும் ஒருசேரத் தெரியாது. கட்டம் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. ஆனால் அவர்கள் முகம் படித்தவர்கள். கட்டம் அவர்களுக்கு இடத்தை மட்டுமே காட்டியது. அந்த இடத்தில் கோடு எப்படி வளைய வேண்டும் என்பதைப் பழகிய கண் தீர்மானித்தது.

பயிலும் மாணவரிடம் அந்தக் கண் இன்னும் உருவாகவில்லை. கட்டத்தைத் தந்துவிட்டால் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். மூன்றாம் வரிசை நான்காம் கட்டத்தில் ஒரு வளைவு இருக்கிறது, அதை நகலெடுக்கிறார், அது இமையா மூக்குச் சரிவா என்பது அவருக்குத் தேவைப்படுவதில்லை. பிழையைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்றால் முடிகிறது, ஆனால் கட்டம் இருக்கும்வரை மட்டுமே. எதிரில் ஆள் வந்து உட்காரும்போது அவர் முகத்தின்மேல் கோடுகள் இருக்காது; ஆறு மாதம் கட்டம் போட்டுப் பழகியவரும் அங்கே புதிதாகத் தொடங்குபவர்போல் நிற்கிறார்.

இன்னொரு இடரும் இருக்கிறது. இன்றைக்கு மாணவர்கள் கொண்டுவரும் புகைப்படம் பெரும்பாலும் கைப்பேசியில் நெருக்கமாக எடுத்தது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக ஏறத்தாழ 12 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கைப்பேசி இருந்தால் காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும், காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். அதே முகத்தை 150 செ.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் இந்த வேறுபாடு 1.08 மடங்குதான். எதிரே உட்கார்ந்து நாம் பழகும் முகம் இந்த இரண்டாவது முகம். செல்ஃபியை எவ்வளவு துல்லியமாகக் கட்டம் போட்டு நகலெடுத்தாலும், வீட்டில் உள்ளவர்கள் ஏதோ சரியில்லை என்று சொல்வதற்குக் காரணம் மாணவரின் கை அல்ல, படம் எடுத்த தொலைவு.

ஆளைப் பார்த்து வரைவதற்கே கட்டத்துக்கு உறவான ஒரு கருவி பழங்காலம் முதல் இருந்திருக்கிறது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் அச்சிட்ட ஒரு படத்தில், ஓவியர் ஒருவர் நிலையான ஒரு துளையில் கண்ணை வைத்து, செங்குத்தாக நிறுத்திய கண்ணாடியின் வழியே எதிரில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து, கண்ணாடியின்மேலேயே வரைகிறார். இதை வகுப்பில் ஒரே ஒரு நாள் செய்து காட்டலாம். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் ஒரு மாணவரை நிறுத்தி, இப்பால் இன்னொருவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், வெண்பலகைக்கு எழுதும் மார்க்கரால் கண்ணாடியிலேயே முகத்தின் எல்லையையும் கண்ணின் மட்டத்தையும் குறிக்கட்டும். கண்கள் நெற்றியின் உச்சியில் இல்லை, உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கின்றன என்பதை ஆசிரியர் எத்தனை முறை வாயால் சொல்லியிருந்தாலும், அந்தக் கண்ணாடிக் கோடுகளைப் பார்க்கும்போதுதான் மாணவர்கள் நம்புகிறார்கள். கட்டத்துக்கு நான் தரும் இடம் இவ்வளவுதான். ஏற்கெனவே கட்டத்திலேயே ஊறிப்போன மாணவர் வந்தால், எட்டுக் கட்டத்தை நான்காக்கி, நான்கை நடுவில் ஒரு கூட்டல் குறியாக்கி, படிப்படியாக எடுத்துவிடலாம். ஒரே நாளில் பறித்தால் அவர் வகுப்புக்கே வராமல் போவார்.

இரண்டாவது வழியான தலையமைப்பு முறையை, இப்போது இணையக் காணொளிகளில் கற்பவர்கள் ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்க ஓவியரின் பெயரோடு சேர்த்து அறிவார்கள். ஒரு பந்து வரைந்து, அதன் இரு பக்கங்களையும் சீவி, புருவக் கோட்டை நடுவில் ஓட்டி, முடி தொடங்கும் இடம், புருவம், மூக்கின் அடி, தாடை நுனி ஆகியவற்றைச் சம இடைவெளியில் குறித்துக்கொண்டு முகத்தைக் கட்டுவது அது. தமிழருக்கு இது புதிதில்லை. நம் சிற்பிகள் கையாளும் நவதாள அளவில் முழு உருவம் 108 அங்குலம், முகம் 12 அங்குலம்; அந்த முகத்தில் நெற்றிக்கு 4, மூக்குக்கு 4, மூக்கின் அடியிலிருந்து தாடை வரை 4. இங்கே அங்குலம் என்பது உருவத்தின் உயரத்திலிருந்தே பிரித்தெடுக்கும் அலகு; அதனால் விரல் உயரச் சிலைக்கும் ஆள் உயரச் சிலைக்கும் ஒரே கணக்குப் பொருந்துகிறது. இரண்டு மரபுகளும் முகத்தை மூன்று சம பங்காகப் பிரிப்பது தற்செயல் இல்லை. பெரும்பாலான வளர்ந்தவர்களின் முகம் அந்தப் பிரிவுக்கு அருகில்தான் இருக்கிறது.

இந்த முறையின் பலம், தலை திரும்பும்போதும் சாயும்போதும் தெரியும். பக்கவாட்டில் திரும்பிய தலையில் தொலைவான கண் ஏன் குறுகுகிறது, காது ஏன் பின்னால் போகிறது என்பதை வேறு எந்த முறையும் இவ்வளவு தெளிவாக விளக்காது. ஆனால் பார்த்து வரைவதற்கு இதை அடித்தளமாக வைத்தால் ஒரு பெரிய கேடு வருகிறது: எல்லா முகமும் ஒரே முகமாகிவிடுகிறது. சிதம்பரம் கோபுர வாயில்களில் கரணங்கள் எனும் நடன நிலைகளைக் காட்டி நிற்கும் ஆடற்பெண்களிடம் ஆளுக்கு ஆள் முகச்சாயல் தேடுவது பொருத்தமில்லை. அங்கே சிற்பி காட்ட வந்தது கரணத்தை. நம் மாணவர் வரைய வந்ததோ ஒரு குறிப்பிட்ட ஆளை. அந்த ஆள் அளவுமுறையிலிருந்து எங்கெங்கே விலகுகிறாரோ அங்கெல்லாம்தான் அவருடைய சாயல் இருக்கிறது.

பல் விழுந்த ஒரு பாட்டியை மாடலாக உட்கார வைத்துப் பாருங்கள். பல் போனதும் தாடை மேலே ஏறி, மூக்குக்கும் தாடைக்கும் இடையே உள்ள பகுதி சுருங்கிவிடுகிறது. உதடு உள்ளே மடங்குகிறது. கீழ்ப் பங்கு மேலிரண்டு பங்குகளைவிடக் கண்ணுக்குத் தெரியும்படியாகவே குறைந்து நிற்கிறது. மூன்று சம பங்கை மனப்பாடம் செய்த மாணவர் அவருக்கு இளம்பெண்ணின் தாடையை வைத்து, மேலே சுருக்கங்களை நிரப்பி வைப்பார். ஐந்து வயதுக் குழந்தையை வரையும்போது இதற்கு நேர்மாறு. கண்கள் தலையின் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும், கணக்கு அவற்றை மேலே தூக்கும். தம் படம் பாட்டியைப்போல் இல்லை என்று மாணவருக்குத் தெரியும். ஆனால் அளவுகள் எல்லாம் விதிப்படி இருப்பதால் தவறு எங்கே என்று தேட அவருக்கு வழி இருக்காது. நான் வைத்த கேள்வியில் இந்த முறை இங்கேதான் தோற்கிறது. விதியை முதலில் கற்றவருக்கு, எதிரில் இருப்பது விதியோடு முரண்படும்போது விதியையே நம்பத் தோன்றும். பார்க்கக் கற்ற பின்பு விதியைக் கற்றால், இவருடைய மூக்கு வழக்கத்தைவிட நீளம் என்று சொல்லும் ஒப்பீட்டுக் கருவியாக அதே விதி மாறிவிடும். வரிசைதான் இங்கே முக்கியம்.

மூன்றாவதான சைட்-சைஸ் முறையைப் பற்றி மரியாதையோடும் கொஞ்சம் ஏக்கத்தோடும் எழுத வேண்டியிருக்கிறது. மாடலின் தலைக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில், வரைபலகையைத் தாங்கும் சட்டமான ஈசலை நிறுத்துகிறோம். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய ஓர் இடத்தைப் பின்னால் தரையில் சுண்ணக்கட்டியால் குறிக்கிறோம். இரண்டு மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டும். அந்தக் குறியில் நின்றுதான் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும். ஒரு நூலைக் கிடையாகப் பிடித்தால், மாடலின் கண் மட்டமும் படத்தின் கண் மட்டமும் ஒரே நூலில் விழுகின்றனவா என்பது உடனே தெரியும். தவறைக் கண்டுகொண்டு, முன்னே நடந்து சென்று, நினைவிலிருந்து ஒரு கோட்டைத் திருத்தி, மறுபடி குறிக்குத் திரும்பி வந்து பார்க்க வேண்டும். அளவை மாற்றிக் கணக்கிடும் வேலையே இல்லை. இருப்பதும் வரைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பிழையைத் தாமே காண்பது என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால், நான்கில் முதலிடம் இதற்குத்தான்.

இதற்குத் துணையாக ஐரோப்பாவில் நல்ல பாடப்பொருளும் உருவானது. பாரிஸில் 1866க்கும் 1871க்கும் இடையே பிரெஞ்சு ஓவியர்களான சார்ல் பார்க், ழான்-லெயோன் ழெரோம் இருவரும் வெளியிட்ட அச்சுத் தாள்களில், சுண்ணச் சிலைகளின் தலை, கை, கால் ஆகியவை முதலில் சில நேர்க்கோடுகளாகவும் பின்பு முழு வடிவமாகவும் படிப்படியாகக் காட்டப்பட்டிருக்கின்றன. மாணவர் அவற்றைப் பக்கத்தில் வைத்து அதே அளவில் நகலெடுப்பார். டச்சு ஓவியர் வான் கோவும் இந்தத் தாள்களை நகலெடுத்துப் பயின்றவர்தான்.

நம் வகுப்பறைக்கு இது ஒத்துவருமா என்பதே கேள்வி. ஒரு மாடலுக்குப் பக்கத்தில் ஈசல் வைக்க இரண்டு பேருக்கு இடம் உண்டு, நெருக்கினால் மூன்று பேர். முப்பது பேர் உள்ள வகுப்பில் பெஞ்சுகளுக்கு நடுவே யாரும் இரண்டு மீட்டர் பின்னால் நடந்து நடந்து வர முடியாது. ஒரு தலைக்குப் பல அமர்வுகள் வேண்டும். ஒவ்வோர் அமர்விலும் மாடலும் ஈசலும் கால் குறிகளும் வெளிச்சமும் அப்படியே திரும்ப அமைய வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாறாத வெளிச்சம் வேண்டுமானால் வடக்கு ஜன்னலை நம்புங்கள் என்பது ஐரோப்பிய ஆசிரியர்களின் பாடம். அவர்களுடைய ஊர்களில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே இருப்பதால் அது அங்கே உண்மை. புதுச்சேரியும் கடலூரும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருக்கின்றன. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. வகுப்பு தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் உள்ளே விழுந்து, முகத்தில் நிழலின் எல்லை அரைமணிக்கு ஒருமுறை நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ட்ரேசிங் தாளோ மெல்லிய வெள்ளைத் துணியோ கட்டிவிட வேண்டும். அல்லது ஜன்னலை மூடி, ஒரு பக்கம் ஒரே ஒரு விளக்கை வைத்துக்கொள்ள வேண்டும். எந்த முறையில் கற்பித்தாலும் இது பொருந்தும் என்றாலும், வெளிச்சம் மாறினால் சைட்-சைஸ் முறையில் முந்தைய அமர்வின் உழைப்பே வீணாகும்.

இனி ஒப்பளவு முறை. பள்ளி வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். இதன் குறைகளையும் சேர்த்தே சொல்கிறேன். மாணவர் தம் இடத்திலேயே உட்கார்ந்து, கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் முனையை மாடலின் கண் மட்டத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தைத் தாடை நுனிக்குக் கொண்டுவருகிறார். அது அவருடைய அலகு. இப்போது அதே அலகைக் கண் மட்டத்திலிருந்து உச்சந்தலை வரை வைத்துப் பார்க்கிறார்: சமமா, கூடுதலா, குறைவா? பென்சிலைப் படுக்கையாகத் திருப்பி, கன்ன எலும்புகளுக்கு இடையே உள்ள அகலத்தில் அந்த அலகு எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்கிறார். தாளில் அலகு எந்த நீளமாகவும் இருக்கலாம். விகிதம் மட்டும் மாறக் கூடாது. இந்த மூன்று அளவுகளும் தாளில் ஏறிய பிறகுதான், தலையின் வெளி எல்லையை ஐந்தாறு நேர்க்கோடுகளால் அடைக்க வேண்டும். வளைவுகளுக்கு அப்போது அவசரம் இல்லை. கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை, கடிகாரத்தின் சின்ன முள் எந்த மணியைக் காட்டுகிறது என்று படிப்பதுபோலப் படிக்கச் சொன்னால் மாணவர்கள் விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். இவருடைய தாடைச் சரிவு ஏழு மணி, அவருடையது ஏழரை.

பிழை நேரும் இடம் முழங்கைதான். இரண்டு மீட்டர் தொலைவில் உள்ள 23 செ.மீ. உயரத் தலை, கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி நீட்டிய பென்சிலில் ஏறக்குறைய 7 செ.மீ. நீளமாகத் தெரியும். முழங்கை சற்று மடங்கிப் பென்சில் 50 செ.மீ. தொலைவுக்கு வந்தால் அதே தலை 6 செ.மீ.க்கும் கீழே குறைந்துவிடும். உயரத்தைக் கை நீட்டியும் அகலத்தைக் கை மடக்கியும் அளந்த மாணவரின் படத்தில் முகம் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு குறுகி நிற்கும். அளந்துதானே போட்டேன் என்று அவர் திகைப்பார். இதற்கு எளிய மருந்து, பென்சிலில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, நூல் விறைப்பாக நிற்கும் தொலைவில் மட்டுமே அளப்பது. முதல் பருவம் முழுவதும் நூலோடு அளந்தவர்களுக்கு, பிறகு நூல் இல்லாமலே கை அந்தத் தொலைவில் நிற்கும்.

பென்சிலை எல்லாவற்றுக்கும் நீட்டுவதும் தவறு. 3 செ.மீ. அகலமுள்ள கண், அந்தத் தொலைவில் பென்சிலின்மேல் 9 மி.மீ. அளவுதான் தெரியும், நகம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பத்து விழுக்காட்டுக்கு மேல் பிழை. ஆகவே பெரிய அளவுகளுக்கு மட்டும் பென்சில், சிறிய இடங்களுக்குத் தூக்குநூல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணின் உள்மூலைக்கு நேரே பிடித்தால், அது கீழே மூக்கின் சிறகைத் தொடுகிறதா, உதட்டின் ஓரத்தைத் தொடுகிறதா, இரண்டையும் விட்டு விலகுகிறதா என்பது தெரியும். முகம் சற்றே திரும்பியிருந்தால் இந்த ஒரு நூலே பாதிச் சாயலைக் கொண்டுவந்துவிடும். காதுக்கும் கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே பின்சுவர் தெரியும் முக்கோணம் போன்ற வெற்றிடங்களையும் வடிவங்களாகவே வரையச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. அதனால் மனத்தில் முன்பே பதிந்த கண், மூக்குச் சின்னங்கள் அங்கே குறுக்கிடுவதில்லை.

ஒப்பளவு முறையின் உண்மையான குறை, தொடக்கத்தில் படம் அழகாக வராது என்பதுதான். முதல் இரண்டு மாதங்களில் தாளில் இருப்பவை கோடுகளும் குறிகளும் அழித்த தடங்களும். ஷேடிங் போட வேண்டும் என்று மாணவர்கள் துடிப்பார்கள். இந்தத் துடிப்பை அடக்குவதைவிடத் திருப்பிவிடுவது நல்லது: கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முகத்தை வெளிச்சம், நிழல் என்று இரண்டாக மட்டும் பிரித்து, நிழலின் வடிவத்தை, கருமை கூடிய 4பி பென்சிலால் ஒரே அடர்த்தியில் அடைக்கச் சொல்லலாம். மூக்கின் நிழல், கண்குழியின் நிழல், கீழுதட்டுக்குக் கீழே உள்ள நிழல் ஆகிய மூன்றின் வடிவமும் சரியாக விழுந்தால், கண்மணி வரையாமலே வகுப்பில் உள்ளவர்கள் ஆளை அடையாளம் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கண்ட பிறகு, இமை மயிர்களைத் தனித்தனியாக வரைவதில் மாணவர்களுக்கு இருந்த ஆசை தானே குறைகிறது.

மற்றபடி இந்த முறைக்குத் தேவையானவை எளியவை. பெஞ்சுகளை நகர்த்தி, ஆறு பேருக்கு ஒரு மாடல் என்று குழுக்களாக உட்கார வைத்தால் யாருக்கும் வெறும் பின்தலை மட்டும் கிடைக்காது. மாடல்கள் மாணவர்களே, முறை வைத்து. பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வு. நாற்காலியின் கால்களைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து, பார்வை பதியும் இடத்தில் சுவரில் ஒரு துண்டுத் தாள் ஒட்டிவிட வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் சரிபார்ப்புக்கு: வரைந்தவர் திரும்பி அமர்ந்து, ஒரு சிறு கண்ணாடியில் மாடலையும் தம் படத்தையும் பார்க்கட்டும். இடம் வலமாக மாறிய முகத்தில், இவ்வளவு நேரம் பழகிப்போய்க் கண்ணுக்குத் தெரியாதிருந்த சாய்வுகள் வெளிப்பட்டுவிடும். கண்டுபிடித்த ஒரு தவறையாவது தாளின் ஓரத்தில் அவரே எழுதி வைக்க வேண்டும் என்பது என் வகுப்புகளில் நான் விடாமல் கேட்பது.

எனவே என் முடிவு இடத்தையும் ஆள் எண்ணிக்கையையும் பொறுத்தது. பள்ளிப் பாடவேளையில் கற்பிப்பவர் ஒப்பளவு முறையை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு நாள் ஜன்னல் கண்ணாடிப் பயிற்சி, பாதி ஆண்டு கடந்த பிறகு தலையமைப்பு. தலையமைப்பைத் தொடங்க, மாலையில் வண்டிகள் செல்லத் தடை இருக்கும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலையின் அடியில் மாணவர்களை உட்கார வைப்பது நல்ல வழி. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது நெற்றி சுருங்குகிறது, தாடையின் அடிப்பகுதி தெரிகிறது, காது புருவ மட்டத்தைவிட்டுக் கீழே இறங்குகிறது. இவற்றை நூல் பிடித்துக் கண்ணால் கண்டு வரைந்த பிறகு, பந்தைச் சாய்த்து விளக்கினால் அந்தப் பாடம் உயிரோடு இறங்கும்.

ஆறேழு பேர் மட்டும் வரும் வார இறுதி வகுப்பும், ஓரளவு பெரிய கூடமும் இருப்பவர்கள் சைட்-சைஸ் முறையைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உயிருள்ள மாடலோடு தொடங்க வேண்டாம். பாரிஸிலிருந்து சுண்ணச் சிலை வரவழைக்க வேண்டியதில்லை; வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் கலைஞர்களிடம், வண்ணம் பூசாத, முக எலும்புகள் தெளிவாகத் தெரியும் ஒரு முதியவர் தலையைச் செய்து வாங்கிக்கொள்ளலாம். அது அசையாது, ஓய்வு கேட்காது, அடுத்த வாரமும் அதே வெளிச்சத்தில் அதே முகத்தோடு நிற்கும். அரியாங்குப்பத்தில் உள்ள பாரதியார் பல்கலைக்கூடத்திலோ, கும்பகோணம், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிகளிலோ சேர எண்ணும் மாணவர்களுக்கு இரண்டு முறைகளும் தேவை: சுடுமண் தலையில் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு, நண்பர்களின் முகங்களில் ஒப்பளவால் வேகம் பழகிக்கொள்ள வேண்டும்.

பெற்றோரின் எதிர்பார்ப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. ஆண்டுவிழாக் கண்காட்சியில் பளபளப்பாக முடித்த படம் வேண்டும் என்பதற்காகவே பல வகுப்புகள் ஜனவரியில் மறுபடி கட்டத்துக்குத் திரும்பிவிடுகின்றன. அதற்கு இணங்காமல், அளவுக் குறிகளையும் தூக்குநூல் கோட்டையும் அழிக்காத படங்களையே சட்டமிட்டு மாட்டி, ஓரத்தில் மாணவர் தம் கையால் எழுதிய பிழைக்குறிப்பையும் அப்படியே விட்டுவைக்கலாம். ஜூனில் வரைந்ததையும் ஜனவரியில் வரைந்ததையும், ஒரே மாடலுடையதாக இருந்தால், பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். மாடலாக உட்கார்ந்த மாணவரையும் அந்தப் படங்களுக்கு அருகிலேயே நிற்கச் சொல்லுங்கள். எந்தப் படத்தில் அவர் இருக்கிறார் என்பதைப் பெற்றோர்களே சொல்லட்டும்.